கொலை வழக்கு நாடகம், தீர்ப்பு பார்வையாளர் கையில்: யாரைக் கேட்டாலும் விடுதலை என்கிறார்கள், எப்படிச் சமன் செய்வது?

மரப்படி:

வணக்கம் நண்பர்களே. கோவையில் வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் போடுகிற சின்னக் குழு எங்களுடையது. அடுத்ததாக ஒரு கொலை வழக்கை முழுக்க நீதிமன்ற விசாரணையாகவே மேடையேற்றப் போகிறோம். குற்றவாளியா இல்லையா என்று பார்க்க வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்வதைப் பொறுத்துக் கடைசிக் காட்சி மாறும். அரங்கில் 120 பேர் உட்காரலாம். இடைவேளை சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறோம்.

கதை இதுதான். ரங்கே கவுடர் வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், ஒரு நாள் இரவு தன் மண்டிக்குள்ளேயே, மாடிக்குப் போகிற மரப்படிக்குக் கீழே பின்மண்டை உடைந்து கிடக்கிறார். முன்பே இறந்துபோன அவருடைய தம்பியின் மனைவி கைதாகிறார். வியாபாரத்தில் தம்பியின் பங்கைக் கேட்டு அன்று இரவு அவர் அங்கே வந்தது உண்மை. இருவரும் சத்தம் போட்டதை மூட்டை தூக்குகிறவர் கேட்டிருக்கிறார். தராசுப் பக்கத்தில் இருந்த எடைக்கற்களில் ஐந்து கிலோ கல் மட்டும் கழுவித் துடைத்தது போல இருக்கிறது. இன்னொரு பக்கம், பெரியவருக்குத் தலைச்சுற்றல் உண்டு, படியில் ஒரு பலகை ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது, பின்கதவு தாழிடப்படவில்லை, கணக்குப்பிள்ளை சொல்கிற நேரமும் இடிக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், பிரதியை யாருக்கு வாசித்துக் காட்டினாலும் ஏறக்குறைய எல்லோரும் விடுதலை என்றுதான் சொல்கிறார்கள். சாட்சியங்களை இறுக்கிப் பார்த்தோம், புடவையில் ரத்தக்கறை சேர்த்தோம், அப்போதும் அதேதான். "பாவம், அந்தம்மா செய்திருக்க மாட்டாங்க" என்கிறார்கள், இல்லாவிட்டால் "செய்திருந்தாலும் அவனுக்கு வேணும்" என்கிறார்கள். இப்படியே போனால் தண்டனை முடிவை எழுதி ஒத்திகை பார்ப்பதே வீண் என்று குழுவுக்குள் பேச்சு வந்துவிட்டது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எடை இரண்டு பக்கமும் நிற்கும்படி எப்படி எழுதுவது? அரங்கம் முழுக்க வாக்களிக்க வேண்டுமா, சிலரை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டு ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்கிற பொதுமக்கள் குழுவாக, உட்கார வைக்கலாமா? தீர்ப்புக்குப் பிறகு உண்மையில் நடந்தது என்ன என்று காட்ட வேண்டுமா, கூடாதா? எங்களுக்குள்ளேயே இதில் சண்டை.


ஒத்திகை அறை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. காட்டாதீர்கள். ஓட்டுப் போட வைத்துவிட்டு "உண்மையில் நடந்தது இதுதான்" என்று ஒரு காட்சி போட்டால் 120 பேர் செய்த வேலையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டது போலாகும். நாடகத்தின் கேள்வி "யார் கொன்றது" என்பதா, "அரசு தரப்பு இதை நிரூபித்துவிட்டதா" என்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். முதல் கேள்வி புதிருக்கு உரியது, அதற்கு ஒரு விடை இருக்கிறது, விடையை ஓட்டெடுத்துத் தீர்மானிக்க முடியாது. இரண்டாவதற்குத்தான் ஓட்டு பொருந்தும்.

இந்த வடிவத்தைப் பெரிய அளவில் பிரபலமாக்கியது அய்ன் ராண்ட் எழுதிய 'ஜனவரி 16 இரவு'. 1935இல் நியூயார்க் பிராட்வேயில் மேடையேறியது. பார்வையாளர்களிலிருந்து 12 பேரைக் கூப்பிட்டு ஜூரி நாற்காலியில் உட்கார வைப்பார்கள், அவர்கள் சொல்வதற்கேற்ப இரண்டு முடிவுகளில் ஒன்று நடிக்கப்படும். ஸ்வீடனின் தீக்குச்சி முதலாளி ஐவர் குரூகர் 1932இல் பாரிஸில் இறந்ததையும் அவருடைய நிதி சாம்ராஜ்யம் சரிந்ததையும் மனதில் வைத்து எழுதியது. அந்த நாடகத்தில் கவனிக்க வேண்டியது, கொலை நடந்த இரவைப் பற்றி மேடையில் பேச்சு மட்டும்தான் இருக்கும், அந்த இரவு காட்சியாக வராது. உங்கள் பிரதியில் ஃபிளாஷ்பேக் எங்காவது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் ஒரு கை எடைக்கல்லைத் தூக்குவதைக் காட்டிவிட்டால், அதற்குப் பிறகு எந்த வக்கீல் பேச்சும் எடுபடாது.

இதற்கு எதிர்த்திசையில் லண்டனில் ஒன்று. அகதா கிறிஸ்டியின் நீதிமன்ற நாடகத்தை 2017 முதல் பழைய கவுன்டி ஹால் மன்றக் கூடத்திலேயே நடத்துகிறார்கள். ஜூரி இருக்கையில் பார்வையாளர்களே உட்காருகிறார்கள், ஆனால் கதையின் முடிவு மாறாது. அது புதிர் நாடகம், அதற்கு அதுதான் சரி. நீங்கள் போடப்போவது வேறு.

இப்போது உங்கள் முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். எல்லோரும் விடுதலை என்பது உங்கள் பிரதிக்கு மட்டும் நடப்பதில்லை. ஜெர்மானிய எழுத்தாளர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஷீராக் ஒரு குற்றவியல் வழக்கறிஞர், அவர் எழுதிய 'டெரர்' 2015 அக்டோபரில் பெர்லினிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் ஒரே நாளில் அரங்கேறியது. 164 பேரோடு கடத்தப்பட்ட விமானம், 70,000 பேர் கூடியிருக்கிற மைதானத்தை நோக்கிப் போகிறது. போர் விமானி ஒருவர் உத்தரவை மீறி அதைச் சுட்டு வீழ்த்துகிறார், அவர் மேல் கொலை வழக்கு, தீர்ப்பு பார்வையாளருக்கு. அப்படிச் சுட அனுமதித்த சட்டப்பிரிவை ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2006இலேயே செல்லாது என்று சொல்லியிருந்தது, நாடகத்தில் அரசு வழக்கறிஞரும் அதை எடுத்து வைத்துத்தான் வாதாடுகிறார். ஆனாலும் 2016இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பி மக்களை ஓட்டுப் போடச் சொன்னபோது ஜெர்மனியில் சுமார் 87 சதவீதம் பேர் விடுதலை என்றார்கள்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். விமானி நம் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, மூச்சுவிடுவது தெரிகிறது. 164 பேர் ஒரு எண். உங்கள் நாடகத்தில் தம்பி மனைவி இரண்டு மணி நேரம் கூண்டில் நிற்கிறார். செத்தவருக்கு மேடையில் ஆளே இல்லை. நீங்கள் ரத்தக்கறையைச் சேர்த்தது அரசு தரப்பைப் பலப்படுத்தியதே தவிர செத்த மனிதரை உள்ளே கொண்டுவரவில்லை. அவரை உள்ளே கொண்டுவாருங்கள். அவருக்காக அழ ஒருவர் வேண்டும், அதுவும் சும்மா அழுதால் போதாது, அவர் எப்படிப்பட்டவர் என்று நாம் நம்புகிற மாதிரி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மகளோ, இருபது வருஷம் அவரிடம் வேலை பார்த்த ஒருவரோ. தம்பி மருத்துவமனையில் கிடந்தபோது பெரியவர் தினமும் கடை மூடிவிட்டுப் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டார் என்பது போல ஒரு செய்தி, அதை யாரும் மறுக்காமல் விட்டுவிடுங்கள். பங்கு கொடுக்காத கஞ்சன் என்கிற பிம்பம் அதிலேயே ஆட ஆரம்பிக்கும்.

ஷீராக் நாடகத்திலும் விமானத்தில் இறந்த ஒருவரின் மனைவி சாட்சி சொல்ல வருகிறார், என் பார்வையில் நாடகத்தின் உச்சமே அதுதான். அப்படியும் 87 சதவீதம் என்றால், ஒரு சாட்சி போதாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். செத்தவர் நாடகம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். அவருடைய கைத்தடி, கண்ணாடி, அன்றைக்கு எழுதிய கணக்கு நோட்டு எல்லாம் ஆரம்பத்திலிருந்து மேசை மேல் இருக்கட்டும்.


கறுப்பு அங்கி:

நான் மாவட்ட நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவன். ஒத்திகை அறை சொன்னதை ஒரு வக்கீலாக அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நிஜ கொலை வழக்கிலும் செத்தவர் நீதிமன்றத்துக்குள் வருவது பிரேதப் பரிசோதனை அறிக்கையாகத்தான். காயம் எத்தனை சென்டிமீட்டர், எந்த எலும்பு முறிந்தது, அவ்வளவுதான் அவர். எதிரியோ, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரோ, தினமும் வந்து நிற்கிறார், பின்னால் அவருடைய குழந்தை நிற்கிறது. நீதிபதியும் மனிதர்தான், ஆனால் அவர் காரணம் எழுதித் தீர்ப்புச் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டில் அந்தக் காரணத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். உங்கள் 120 பேர் காரணம் எழுத வேண்டியதில்லை.

ஒரு பெரிய மாற்றம் சொல்கிறேன், யோசியுங்கள். இன்றைய கோவையில் கதை நடந்தால் ஜூரி என்பதே பொய், 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அது இல்லை, 2024இல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் கிடையாது. இன்னும் அந்த வாசனை மிச்சமிருப்பது பார்சிகளின் மணமுறிவு வழக்குகளில் உட்காருகிற டெலிகேட்டுகளிடம் மட்டும்தான். எனவே கதையை 1952 வாக்கில் சென்னைக்குக் கொண்டுபோய்விடுங்கள். ரங்கே கவுடர் வீதிக்குப் பதில் கொத்தவால் சாவடி, மண்டி அப்படியே இருக்கட்டும். சென்னை நகரத்தில் நடந்த கொலை என்றால் அப்போது உயர் நீதிமன்றத்திலேயே செஷன்ஸ், ஜூரி முன்னால் விசாரணை. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிக்கிய லட்சுமிகாந்தன் வழக்கு அப்படித்தான் நடந்தது, 1945இல் தண்டனை, பிறகு அப்போதைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் விடுதலை. ஆளவந்தார் கொலை வழக்கும் 1953இல் ஜூரி முன்னால் நடந்ததுதான். ஆளவந்தாரைக் கொன்று, தலையை வெட்டி, உடலைப் பெட்டியில் வைத்து ரயிலில் ஏற்றி அனுப்பிய வழக்கு. செத்தவருடைய நடத்தைதான் ஊரெல்லாம் பேச்சாக இருந்தது, கடைசியில் முதல் எதிரிக்கு ஏழு வருஷம், அவர் மனைவிக்கு மூன்று வருஷம். அவ்வளவு கோரமான கொலைக்கு இது குறைவு என்று எனக்குத் தோன்றும், நீங்கள் தேடுகிற எடை எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் இல்லை.

1952 என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு இன்னொரு பலன். அப்போது எதிரி சாட்சியாகக் கூண்டேறி சத்தியம் செய்து பேசச் சட்டத்தில் இடமே இல்லை, 1955 திருத்தத்துக்குப் பிறகுதான் அது வந்தது. நீதிபதி கேட்கிற கேள்விக்கு நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்லலாம், குறுக்கு விசாரணை கிடையாது. உங்கள் பிரதியில் அந்தம்மா எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் நாடகங்களில் எதிரிக்கு ஒரு நீண்ட அழுகைப் பேச்சு இருந்தே தீரும். அதை முழுக்க வெட்டுங்கள். நீதிபதி ஒவ்வொரு சாட்சியத்தையும் சொல்லி "இதற்கு என்ன சொல்கிறீர்கள்" என்று கேட்கட்டும், அந்தம்மா "பொய்", "எனக்குத் தெரியாது", "வந்தேன், பேசினேன், போய்விட்டேன்" என்று மட்டும் சொல்லட்டும். பேச்சு இல்லாமல் நிற்கிற முகத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அழுத்தக்காரி என்பார்கள், பாதிப் பேர் அப்பாவி என்பார்கள்.

ஜூரி தடம் மாறுவதற்கு நானாவதி வழக்கைவிடத் தெரிந்த கதை இல்லை. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி ஒருவர் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றார், ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை, 1961இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மேல் நீதிமன்றத்தில் முக்கியமாக எடுபட்ட விஷயம், செஷன்ஸ் நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை விளக்கிச் சொன்னதிலேயே தவறு இருந்தது என்பது. இது உங்களுக்கு ரொம்ப முக்கியம். வாக்களிப்புக்கு முன்னால் நீதிபதி வேடம் போடுகிறவர் ஐந்து நிமிஷம் ஜூரிக்கு அறிவுரை சொல்ல வேண்டும், உங்கள் நாடகத்தின் துலாக்கோல் அதுதான். நியாயமான சந்தேகம் என்றால் என்ன, வெறும் ஊகம் என்றால் என்ன, செத்தவர் நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே இல்லை, கோபத்தில் பிடித்துத் தள்ளினார் என்று நம்பினால் அது என்ன குற்றம். கடைசியாகச் சொன்ன விஷயத்தால் உங்களுக்கு மூன்றாவது வழியும் கிடைக்கிறது. கொலை, கொலையாகாத மரணம் விளைவித்தல், விடுதலை. "பாவம், ஆனால் செய்துவிட்டார்" என்று நினைக்கிறவர்களுக்கு இப்போது போக இடமில்லாமல் விடுதலைப் பக்கம் போய்விடுகிறார்கள்.

சினிமா கோர்ட்டைத் தவிர்க்கச் சில விஷயங்கள். நம் நீதிபதிகள் சுத்தியலால் தட்டுவதில்லை, "ஆர்டர் ஆர்டர்" கிடையாது. பகவத் கீதை மேல் கை வைக்கச் சொல்வதை இன்றைய நம் நீதிமன்றங்களில் நீங்கள் பார்க்க முடியாது. வக்கீல்கள் சாட்சியைச் சுற்றி நடந்து தோளில் கை போடுவதில்லை. தன் சாட்சியிடம் விடையை வாயில் ஊட்டுகிற கேள்வி கேட்கக் கூடாது, எதிர்த்தரப்புச் சாட்சியிடம் கேட்கலாம். இந்த ஒரு விதியை நடிகர்கள் பிடித்துக்கொண்டாலே முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் வேறு வேறு இசையில் ஒலிக்கும். மூட்டை தூக்குகிறவரைப் பிறழ் சாட்சியாக்கிப் பாருங்கள், சும்மா திருப்பத்துக்காக வேண்டாம், அவர் ஏன் மாறினார் என்று பார்வையாளர் யோசிக்கிற மாதிரி.


மூன்றாம் வரிசை:

நான் நடிப்பதில்லை, பார்க்கிறவள். ஒத்திகை அறை சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. உண்மையைக் காட்டவே கூடாது என்பது எனக்கு ஒப்பவில்லை.

ஓட்டுப் போட்டவர்களுக்குத் தாங்கள் என்ன செய்தோம் என்று தெரியவே தெரியாவிட்டால் அது ஒரு விளையாட்டாகவே முடிந்துவிடுகிறது. வெளியே வந்து டீ குடித்துக்கொண்டு "நான் கில்டின்னு போட்டேன், நீ?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். ஒரு அப்பாவியை உள்ளே தள்ளிவிட்டோம் என்றோ கொன்றவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றோ தெரிந்தால் அந்த இரவு தூக்கம் வராது. எனக்கு அந்தத் தூக்கம் கெடுகிற நாடகம்தான் வேண்டும். தினமும் பத்திரிகையில் ஒரு வரியைப் படித்துவிட்டு "தூக்குல போடுங்க" என்று கமென்ட் எழுதுகிறோம், அதன் கனம் என்ன என்று மேடைதான் நமக்குக் காட்ட முடியும்.

அப்புறம் வாக்களிக்கிற முறை. போனில் க்யூஆர் ஸ்கேன் செய்கிற முறை வேண்டவே வேண்டாம். இருட்டு அரங்கில் எல்லோரும் போனை எடுத்தால் அத்தோடு நாடகம் போச்சு, வாட்ஸ்அப் திறந்துவிடும். கையைத் தூக்கச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணியைப் பார்த்துத்தான் தூக்குவோம். குடும்பத்தோடு வந்தவர்கள் தனித்தனியாக முடிவெடுக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள்.

இன்னொன்று, பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த காது நமக்கு. யார் நன்றாகப் பேசுகிறாரோ அவருக்குக் கைதட்டுவோம், கைதட்டியவருக்கே ஓட்டும் போடுவோம். வழக்காடு மன்றத்தில் கண்ணகியையும் வாலியையும் இராமனையும் எத்தனையோ தடவை கூண்டில் ஏற்றிக் கேட்டிருக்கிறோம், ஆனால் அங்கே தீர்ப்பு நடுவருடையது, நாம் ரசித்துவிட்டுப் போகலாம். இங்கே அந்தப் பழக்கமே ஆபத்து. இரண்டு வக்கீல்களில் ஒருவருக்கு நல்ல குரலும் மற்றவருக்குச் சுமாரான குரலும் இருந்தால் கேஸ் அங்கேயே முடிந்தது.


ஒத்திகை அறை:

மூன்றாம் வரிசைக்கு. நீங்கள் கேட்கிற கனம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, அதை உண்மையைக் காட்டித்தான் கொடுக்க முடியும் என்பதில்தான் இருக்கிறது. எல்லா இரவும் ஒரே உண்மை என்றால் முதல் காட்சி பார்த்தவர் வெளியே போய்ச் சொல்லிவிடுவார், மூன்றாவது நாள் அரங்குக்கு வருகிறவர் சரியான விடையை அறிந்துகொண்டு பரீட்சை எழுத வருவார். தீர்ப்புக்கு ஏற்றபடி உண்மையை மாற்றினால், அதாவது தண்டித்தால் அப்பாவி, விட்டால் கொலைகாரி என்று எழுதினால், அது பார்வையாளரைத் தண்டிப்பதற்காகவே செய்த ஏமாற்று வேலை. தீர்ப்பின் விளைவைக் காட்டுங்கள், அது போதும். தண்டனை என்றால் அந்தம்மா தன் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கிறார் என்பது. விடுதலை என்றால் அதே தெருவில், அதே மண்டி வழியாக, செத்தவரின் மகள் பார்த்துக்கொண்டு நிற்க அவர் நடந்து போவது. என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது, ஆனால் நாம் என்ன செய்தோம் என்று தெரியும்.

வக்கீல் குரல் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்கு மருந்து, இரண்டு நடிகர்களும் இரண்டு பாத்திரத்தையும் படித்து வைத்துக்கொண்டு ஒரு காட்சி விட்டு ஒரு காட்சி மாற்றிக்கொள்வது. இருவருக்கும் கூடுதல் உழைப்புதான். ஆனால் எடை சாய்வது எழுத்தாலா, ஆளாலா என்பது அப்போது தெளிவாகத் தெரிந்துவிடும். ஒத்திகைக் காலத்திலாவது மாற்றிப் பாருங்கள்.

அரங்கம் முழுக்க வாக்கு என்றால் நுழைவுச்சீட்டையே வாக்குச்சீட்டாக அச்சிடுங்கள். ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை, நடுவில் துளைக்கோடு. இடைவேளையில் வெளியே போகும்போது வாசலில் இருக்கிற மூடிய பெட்டியில் ஒரு பாதியைக் கிழித்துப் போட வேண்டும், மறுபாதியைப் பையில் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. எண்ணுகிறவர் நீதிமன்ற எழுத்தர் வேடத்திலேயே மேடையில் உட்கார்ந்து எண்ணட்டும். சமமாக வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கி.மு. 458இல் ஏதென்ஸில் எஸ்கிலஸ் நாடகத்தில் தாயைக் கொன்றவனுக்கு வாக்கெடுப்பு நடக்கிறது, சமமாக வந்தால் விடுதலை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். நீங்களும் அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.


அட்டைப்பெட்டி:

மேடைப்பொருள் செய்கிறவன் என்ற முறையில் இரண்டு வரி. 1952க்குப் போவதாக இருந்தால் ஐந்து கிலோ எடைக்கல் போய்விடும், மெட்ரிக் எடைச் சட்டமே 1956இல்தான் வந்தது. வீசைக்கல் வையுங்கள். ஒரு வீசை ஏறக்குறைய 1.4 கிலோ, ஐந்து கிலோவைவிட ஒரு பெண் கையில் எடுத்து வீசினார் என்பது நம்பும்படி இருக்கும், அதே சமயம் இதனால் மண்டை உடையுமா என்று டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்யவும் வசதி. கணக்கு நோட்டில் ரூபாய், அணா, பை என்று இருக்கட்டும், நயா பைசா வந்தது 1957இல்தான். நோட்டைக் கையில் எடுத்துப் படிக்கிற காட்சி இருந்தால் உண்மையாகவே கணக்கை எழுதி வையுங்கள், வெள்ளைத்தாளைப் பார்த்து வாசிக்கிற நடிகரின் கண் நகராது, முன்வரிசைக்குத் தெரியும்.

படியும் ஆட வேண்டும். மேடையில் நிஜமாகவே ஒரு பலகை ஆடுகிற மரப்படி செய்து வைத்துவிட்டு, யாரும் அதைப் பற்றிப் பேசாமல், சாட்சிகள் அதன் மேல் ஏறி இறங்கும்போது அந்தச் சத்தம் மட்டும் கேட்கட்டும்.


மரப்படி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குழுவில் எல்லோரும் உட்கார்ந்து இதைப் படித்தோம். 1952, கொத்தவால் சாவடி, வீசைக்கல், எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம். பெரியவருக்கு ஒரு மகளை எழுத ஆரம்பித்திருக்கிறேன். அவள் அப்பாவைப் புகழ்ந்து பேசவில்லை. "அப்பா சித்தப்பா பங்கைக் கொடுக்காதது தப்பு, நானே சொல்லியிருக்கிறேன், அவரும் கொடுக்கத்தான் நினைத்தார், பத்திரம் எழுதத் தேதி பார்த்திருந்தார்" என்கிறாள். இதை எழுதியதும் எனக்கே வழக்கு வேறாகத் தெரிகிறது. அந்தம்மாவின் பேச்சை வெட்டியாயிற்று, நடிக்கிறவருக்கு வருத்தம்தான், ஆனால் ஒரு ஒத்திகை பார்த்ததும் அவரே வேண்டாம் என்றுவிட்டார். முடிவில் உண்மையைக் காட்டப்போவதில்லை, ஒத்திகை அறை சொன்னபடி விளைவு மட்டும்.

வாக்குக்கு இப்படி யோசிக்கிறோம். அரங்கம் முழுக்க இல்லாமல், உள்ளே வரும்போதே சீட்டுக் குலுக்கி ஒன்பது பேரை எடுத்து மேடையில் உட்கார வைப்பது, இடைவேளையில் அவர்கள் பார்வையாளர் முன்னாலேயே சுற்றி உட்கார்ந்து பேசி முடிவு செய்வது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். கறுப்பு அங்கி சாரிடம் ஒரு கேள்வி, அந்தக் காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்பது பேர்தானா, எத்தனை பேர் ஒத்துக்கொள்ள வேண்டும், ஐந்துக்கு நான்கு என்று வந்தால் என்ன ஆகும்?


கறுப்பு அங்கி:

ஒன்பதேதான், 1898 நடைமுறைச் சட்டம் உயர் நீதிமன்றத்துக்கு அப்படித்தான் சொன்னது. ஒன்பது பேரும் ஒரே கருத்து என்றால் நீதிபதி அதன்படி தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆறு பேராவது ஒரு பக்கம் இருந்து நீதிபதியும் அவர்களோடு ஒத்துப்போனால் அப்போதும் அதன்படி. ஆறு பேர் ஒரு பக்கம் சேரவில்லை என்றால் நீதிபதி இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்ப்பார், அப்படியும் சேராவிட்டால் ஜூரியைக் கலைத்துவிடுவார். பிறகு வேறு ஜூரி முன்னால் விசாரணை முதலிலிருந்து.

ஐந்துக்கு நான்கு உங்களுக்குக் கட்டாயம் ஒரு நாள் வரும், அதனால் அதற்கென்று இன்னொரு முடிவையும் எழுதி வையுங்கள். தலைவர் எழுந்து "எங்களால் முடியவில்லை" என்கிறார், நீதிபதி நன்றி சொல்லி ஒன்பது பேரையும் அவரவர் நாற்காலிக்கு அனுப்புகிறார், அந்தம்மாவைக் காவலர் திரும்பவும் உள்ளே கூட்டிப் போகிறார், எழுத்தர் அடுத்த விசாரணைத் தேதியை வாசிக்கிறார். அந்தத் தேதி உங்களுடைய அடுத்த காட்சி நடக்கிற தேதியாக இருக்கட்டும். அன்றைக்கு வந்தவர்களின் சீட்டை மறுநாளும் செல்லும் என்று சொல்லிவிடுங்கள்.